பதினோரு சீப்பும் நாலு நிமிஷமும்

மாஸ்டர் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். ஒரே கையால் துண்டு மடிப்பது லேசான காரியம் இல்லை. ஒரு முனையைத் தாடையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்து, இடது கையால் மறுமுனையைத் தூக்கிச் சேர்த்து, மடியில் போட்டு, அதன்மேல் வலது கையை எடுத்து வைக்க வேண்டும். வலது கைக்கு இப்போது அந்த ஒரு வேலைதான். காகிதம் பறக்காமல் மேலே வைக்கிற கல்லைப் போல, வைத்த இடத்தில் கிடக்கும். பிறகு இடது கை இரண்டாவது மடிப்பைப் போடும், மூன்றாவதைப் போடும். மூலையோடு மூலை சேரவில்லையென்றால் பிரித்து மறுபடி மடிப்பார். ஒரு நாளைக்கு நாற்பது துண்டு. ஒன்றுகூடக் கோணலாக அடுக்கில் ஏறாது.

சலூனில் இரண்டு நாற்காலிகள். முதல் நாற்காலியில் ஒரு வாடிக்கையாளருக்கு மாஸ்டரின் மகள் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அப்பா டீ குடிப்பாராம்மா?" என்று கேட்டார்.

"அப்பா இங்கதான் உக்காந்திருக்கார் சார். அவரையே கேளுங்க."

அவர் தலையைத் திருப்பி, கிணற்றுக்குள் விழுந்தவனைக் கூப்பிடுவது போல, "மாஸ்டர், டீ வேணுமா?" என்று கத்தினார்.

மாஸ்டருக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை. போனது பேச்சு மட்டும்தான்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்து முடித்திருந்த நேரத்தில், அவர் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. கால் மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. கை வரவில்லை. பேச்சு வந்தும் வராமலும் நின்றது. பேச்சுப் பயிற்சி தருகிற பெண், "வார்த்தை எல்லாம் உள்ளேயே இருக்கு. வெளியே வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றாள். மாஸ்டருக்கு அது உடனே விளங்கியது. முடி அடைத்த வாஷ்பேசினை முப்பது வருஷமாகக் குத்திவிட்டுக்கொண்டிருப்பவருக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது.

வாயில் நின்றவை மூன்று. ஒன்று, "அது வந்து". எதைச் சொல்லத் தொடங்கினாலும் அதுதான் முதலில் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது, "போய்யா". அது மட்டும் பழைய கணீர்க் குரலில், சுத்தமாக வரும். கோபமும் திட்டும் மூளையின் வேறு மூலையில் குடியிருக்கின்றனவாம். மூன்றாவது, "ஆமா". அதில்தான் வம்பு. ஆமாவும் இல்லையும் அவர் வாயில் இடம் மாறிப் போயிருந்தன. வேண்டாம் என்று மனம் சொல்லும், வாய் ஆமா என்று சொல்லிவிடும். சொன்ன பிறகு தவறு என்று அவருக்கே தெரியும். திருத்த வாயைத் திறந்தால் "அது வந்து" வந்து நிற்கும்.

பேச்சு போனால் யாருக்கும் கஷ்டம்தான். மாஸ்டருக்குப் போனது கடையில் பாதி போன மாதிரி. பத்தொன்பது வயதில் வேறொருவர் கடையில் இரண்டாம் நாற்காலிக்கு வந்து, முப்பதில் சொந்தமாகக் கடை போட்டவர் அவர். அந்தத் தெருவில் அவரைவிட நன்றாக வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் கூட்டம் இவரிடம்தான். காரணம் வாய். அதுவும் விளையாட்டைப் பற்றிய வாய். அவர் ஓடியவரும் இல்லை, தாண்டியவரும் இல்லை. தட்டைப் பாதம், பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் வயிற்றுவலி வந்துவிடும் ஆள். ஆனால் இருபத்திரண்டு வயதில், யாரோ கடையில் விட்டுப்போன ஒரு பத்திரிகையில் ஒரு படம் பார்த்தார். டெக்கத்லான் என்கிற பத்துப் போட்டி முடிந்த பிறகு, ஓடுபாதையில் பத்துப் பன்னிரண்டு பேர் துணி காயப்போட்ட மாதிரி விழுந்து கிடக்கிற படம். இரண்டே நாளில் பத்துப் போட்டி, அத்தனையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று படித்தார். அன்றிலிருந்து உலகத்தில் பெரிய விளையாட்டு வீரர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மற்றவர்களுக்கு இருந்தது. அதைத் தீர்த்துவைப்பதை ஒரு கடமையாக எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பத்துப் போட்டியையும் வரிசையாக ஒப்பிப்பார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

மறுத்துப் பேச இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தபால்காரர். முப்பத்தைந்து வருஷம் சைக்கிளில் கடிதம் போட்டு ஓய்வு பெற்றவர், ஓட்டக்காரர் கட்சி. இன்னொருவர் மாஸ்டரின் மனைவிக்கு அண்ணன், மூன்று கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவர், டென்னிஸ் கட்சி. இவர்கள் மூவரும் போட்ட சண்டையில்தான் சலூனின் வருஷக் கூட்டமே பிறந்தது. வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் சலூனில் வாதம். பத்தொன்பது வருஷமாக நடக்கிறது.

அதற்கு விதிகள் உண்டு. தனியாக ஆடுகிற விளையாட்டுகள் மட்டும்தான் கணக்கு. ஆளின் பேரைச் சொல்லக் கூடாது, விளையாட்டைச் சொல்லித்தான் வாதாட வேண்டும். பேரைச் சொன்னால் ரசிகர் சண்டையாகி, ஒரு வருஷம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று உடைந்ததுதான் மிச்சம். பேசுகிறவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். கையை வீசிப் பேசி லோஷன் பாட்டிலைத் தட்டிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒருவருக்கு நாலு நிமிஷம். முடிந்ததும் ஓட்டு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அலமாரியில் ஒரு பாட்டில். ஆளுக்கு ஒரு சீப்பு. விரும்பிய பாட்டிலுக்கு முன்னால் சீப்பை வைக்க வேண்டும். ஜெயித்த பாட்டில் அடுத்த கூட்டம் வரை மேல் தட்டில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: பேசாதவருக்கு ஓட்டு இல்லை. "சிங்கமோ எலியோ, உக்காந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்" என்று அந்த விதியைப் போட்டவர் மாஸ்டரேதான்.

போன வருஷக் கூட்டம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டாவது மாதத்தில் நடந்தது. அவருக்காக விதியைத் தளர்த்தி, பேசாமலே ஓட்டுப் போடலாம் என்றார்கள். தபால்காரர் குனிந்து, "ஓட்டக்காரருக்குத்தானே மாஸ்டர்?" என்று கேட்டார். மாஸ்டர் இல்லை என்று சொல்ல நினைத்து, "ஆமா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பதினெட்டு வருஷப் பிடிவாதத்தை விட்டுவிட்டாரே என்று தபால்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. யார் ஓட்டு எதற்கு என்று குறித்துவைக்கிற நோட்டில் அதை எழுதியாயிற்று. மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மனைவி அவருக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தார்.

இந்த வருஷம் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மருந்துக்கடை மச்சான் ஒரு பேட்ஜோடு வீட்டுக்கு வந்தார். 'கௌரவத் தலைவர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது.

"மாப்பிள்ளை, இந்தத் தடவை நீதான் தலைவர். நடுவுல ஜம்முனு உக்காரு. பேச வேணாம், ஓட்டுப் போட வேணாம், ஒரு தொல்லையும் இல்ல. சரிதானே?"

"ஆமா," என்றார் மாஸ்டர்.

"பாத்தியா, எவ்வளவு சந்தோஷம் அவனுக்கு," என்று மச்சான் தங்கையைப் பார்த்தார்.

மாஸ்டரின் மனைவி திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற வேலை செய்பவர். தையல் ஊசியிலிருந்து கண்ணை எடுத்துக் கணவர் முகத்தைப் பார்த்தார். சந்தோஷப்படுகிற முகம் எப்படி இருக்கும் என்று முப்பது வருஷமாக அவருக்குத் தெரியும். இது அது இல்லை.

"என்னங்க, வாயால சொல்லாதீங்க. வேணும்னா எடுத்துச் சட்டையில வச்சுக்கோங்க. வேணாம்னா தள்ளிவிடுங்க."

மாஸ்டர் இடது கையால் பேட்ஜைத் தள்ளினார். அது மேசையைத் தாண்டி, கதவைத் தாண்டி, வாசல் மிதியடிக்கு அருகில் போய் விழுந்தது.

"அவர் பேசுவார் அண்ணே. பேசி ஓட்டும் போடுவார்," என்றார் மனைவி.

"எப்படிம்மா பேசுவான்? எல்லார் முன்னாடியும் திக்கித் திணறி நிக்கணுமா? பாக்கறவங்களுக்கு மனசு கேக்குமா?"

"பாக்கறவங்க மனசை அவங்கவங்க பாத்துக்கட்டும். நாலு நிமிஷம் அவருக்கும் உண்டுல்ல?"

மச்சான் மிதியடி அருகில் போய்ப் பேட்ஜை எடுத்துப் பையில் போட்டார். "சரி. ஆனா விதின்னா விதி. யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நீயும்தான். அவனா பேசி முடிச்சா ஓட்டு. இல்லேன்னா பேட்ஜு. இந்த வருஷம் மட்டும் இல்ல, இனி எப்பவும்."

மாஸ்டர் தலையாட்டினார். தலை இந்தத் தடவை சரியாகவே ஆடியது.

அந்தப் பேட்ஜ் ஒருநாள் கூத்துக்கு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. டீ வேண்டுமா என்று மகளிடம் கேட்கிறார்கள். சட்டைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று மனைவியிடம் கேட்கிறார்கள். அவருடைய ஆமாவை எடுத்து அவரவர் பாட்டிலுக்கு முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். இருபது வருஷமாகத் தன் கடையில், தன் நாற்காலியில் வாதாடியவர் இதிலும் விலகி உட்கார்ந்துவிட்டால், மிச்சத்திலிருந்து ஒவ்வொன்றாக மரியாதையோடு விலக்கிவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய மாட்டார்கள். அதுதான் இன்னும் மோசம்.

பயிற்சி மறுநாளே தொடங்கியது. மதியம் சாப்பிட்டதும் மனைவி எதிரே உட்கார்ந்து, "டெக்கத்லான்ல முதல் போட்டி என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவார். பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அது: பதிலுக்குக் காத்திருங்கள், நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். எண்ணி முடித்த பிறகும் "அது வந்து"தான் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் பத்து வரை தடையில்லாமல் ஓடுவார். எண்ணுவது பழக்கம், யோசிக்க வேண்டாம். ஆனால் ஒன்று என்று சொல்லி நிறுத்தி, அதன் பக்கத்தில் ஒரு போட்டியின் பெயரை வைக்க முடியவில்லை. ஆறு நாள் போனது. ஏழாம் நாள் மனைவி கேள்வி கேட்கவில்லை. தைத்துக்கொண்டே இருந்தார். மாஸ்டர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

கடையில் மகள் ஒருவருக்குக் கிருதா சீர் செய்துகொண்டிருந்தாள். மாஸ்டர் தன் பழைய கத்தரிக்கோலை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டார். வலது கைக்காரருக்குச் செய்த கத்தரிக்கோல் இடது கையில் வெட்டாது, முடியை மென்று துப்பும். அதனால் அவர் காற்றைத்தான் வெட்டினார். முடி வெட்டும்போது இரண்டு வெட்டுக்கு இடையில் சும்மா காற்றில் ஒரு நாலு தடவை அடிப்பது அவர் பழக்கம். டிக், டிக், டிக், டிக். அந்தத் தாளத்தில்தான் இருபத்தைந்து வருஷம் பேசியிருக்கிறார்.

டிக். டிக்.

"நூறு மீட்டர்," என்றது அவர் வாய்.

மகளின் கையில் இருந்த மிஷின் கொஞ்சம் மேலே ஏறியது.

டிக். "நீளம் தாண்டுதல்." டிக். "குண்டு எறிதல்."

வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கக் கிருதா காதுக்கு மேலே போயிருந்தது. "என்னம்மா இது?" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார். இன்னொரு பக்கத்தையும் ஏத்திடறேன். இன்னிக்குக் காசு வேணாம்," என்றாள் மகள். அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது அவரை இல்லை.

அன்று ஐந்து போட்டி வரை வந்தது. மறுநாள் ஏழு. நடுவில் எங்கே அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதலிலிருந்து வர வேண்டும், பாதியில் நின்றுபோன வாய்ப்பாடு மாதிரி. எட்டாவதான கோலூன்றித் தாண்டுதல்தான் தினமும் இடித்தது. அதைத் தாண்டிப் பத்தும் முடிந்தால், இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். அது பட்டியல் இல்லை, புதியது. நாலு நாள் விடாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தார். என்ன சொல்ல வருகிறார் என்று மனைவிக்கும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடையில் பதினோரு பேர். மாஸ்டர், மனைவி, மகள், மச்சான், தபால்காரர். பெஞ்சில் லிஃப்ட் மெக்கானிக், பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர், பேக்கரிக்காரர், இன்னும் மூன்று பழைய வாடிக்கையாளர்கள். மச்சான் சட்டைப் பையில் பேட்ஜ் இருந்தது. துடைத்துச் சுத்தமாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

எல்லாரும் பேசினார்கள். தபால்காரர் வழக்கம்போல, "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சு போற ஓட்டத்துக்கு ஒரு மனுஷன் பத்து வருஷம் உழைக்கிறான். இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்றார். மச்சான், "எதிர்ல நிக்கறவன் உன்னைக் கவுக்கவே வந்திருக்கான். அவனை அஞ்சு மணி நேரம் தாக்குப் பிடிக்கறதுதான் வீரம்" என்று டென்னிஸுக்காக உருகினார். மனைவி தன் முறைக்கு, "நான் டென்னிஸ். காரணம் ஓட்டுப் போடறப்போ சொல்றேன்" என்று இரண்டே வாக்கியத்தில் இறங்கிவிட்டார். சிங்கமோ எலியோ, நாலு வார்த்தைக்குக் குறையவில்லை.

கடைசி முறை மாஸ்டருடையது. அவர் எழுந்தார். ஆனால் நாற்காலிக்குப் போகவில்லை. சோப்புக் கிண்ணத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் பிடித்துக்கொள்ள, இடது கையால் பிரஷைச் சுழற்றி நுரை கட்டினார். நன்றாக, கெட்டியாக, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத நுரை. அதைப் பிரஷில் எடுத்துக்கொண்டு மச்சான் முன்னால் வந்து நின்று, பிரஷின் அடியால் அவர் தாடையை நிமிர்த்தினார்.

"என்ன மாப்பிள்ளை, எனக்குச் சவரமா? தலைவர் கையாலயா?" என்று மச்சான் சிரித்துக்கொண்டே முகத்தைக் கொடுத்தார்.

மாஸ்டர் கன்னத்தில் பூசினார், தாடையில் பூசினார். பிறகு எந்தச் சவரக்காரரும் செய்யாத ஒன்றைச் செய்தார். இரண்டு உதட்டின் மேலும் விரல் தடிமனுக்கு நுரையை அப்பினார். மச்சான் என்ன என்று கேட்கும் முன், பக்கத்தில் இருந்த தபால்காரருக்கும் அதே வைத்தியம் நடந்து முடிந்தது. பெஞ்சில் முதலில் லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் புரிந்தது. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எடுத்துக் கொடுக்கிற இரண்டு வாய்களும் அடைத்தாயிற்று.

அதன் பிறகே மாஸ்டர் போய் நாற்காலியில் ஏறினார். மகள் வெள்ளைத் துணியைக் கட்டினாள். துணிக்குள்ளே கத்தரிக்கோல் இருந்தது. கடிகார முள் பன்னிரண்டுக்கு வந்ததும் மனைவி, "ஆரம்பிங்க" என்றார்.

"அது வந்து," என்றார் மாஸ்டர்.

பெஞ்சில் யாரும் அசையவில்லை. துணிக்குள்ளே டிக், டிக் என்றது.

"பத்து. ரெண்டு நாள்." டிக். "நூறு மீட்டர்." டிக். "நீளம் தாண்டுதல். குண்டு எறிதல். உயரம் தாண்டுதல். நானூறு மீட்டர்." டிக். "மறுநாள். தடை ஓட்டம். வட்டு எறிதல்."

நின்றுவிட்டது. டிக், டிக். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் பத்து முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. உடற்பயிற்சி ஆசிரியரின் உதடுகள் கோலூன்றி என்று அசையப் போயின. மாஸ்டரின் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவை ஒட்டிக்கொண்டன. பன்னிரண்டு நொடி போனது. மச்சானுக்குத் தாங்கவில்லை. தங்கை புருஷன் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை. "கோ—" என்று வாயைத் திறந்தார். ஒரு கவளம் நுரை உள்ளே போனது. இருமினார், கண்ணில் நீர் வந்தது, துப்பவும் இடமில்லை. மகள் அவர் முதுகைத் தட்டினாள். வாயைத் துடைத்துவிடவில்லை.

மாஸ்டர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. வாய் கோணிய சிரிப்புதான், ஆனால் சிரிப்பு. ஒரு மூச்சு இழுத்து, முதலிலிருந்து தொடங்கினார். டிக். நூறு மீட்டர். டிக். நீளம் தாண்டுதல். இரண்டரை நிமிஷம் ஆகிவிட்டது. தடை ஓட்டம். வட்டு எறிதல்.

டிக்.

"கோலூன்றித் தாண்டுதல்."

லிஃப்ட் மெக்கானிக் தன்னை அறியாமல் பெஞ்சில் அரையடி உயர்ந்து உட்கார்ந்தார்.

"ஈட்டி. ஆயிரத்தைந்நூறு மீட்டர்."

பத்தும் வந்துவிட்டது. இதோடு இறங்கினாலும் ஓட்டு உண்டு. மாஸ்டர் இறங்கவில்லை. கத்தரிக்கோல் மெதுவாக அடிக்கத் தொடங்கியது. இப்போது பட்டியல் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தனியாகத் தேடி எடுத்து வர வேண்டும்.

"ஓட்டக்காரர்," டிக், "ஓடுவார். அவருக்கு, வரும். டென்னிஸ்," டிக், "அவங்களுக்கு, வரும்." நீண்ட இடைவெளி. "இவருக்கு, எல்லாம் வராது. ஒண்ணு வரும். ஒண்ணு, வராது. வராததையும்," டிக், டிக், "எல்லாரும் பாக்க, செய்வார். தோப்பார்." டிக். "அடுத்ததுக்கு, போவார்."

முள் நாலு நிமிஷத்தைத் தொட இன்னும் எட்டு நொடி இருந்தது.

"அவ்வளவுதான். மச்சான், துப்புங்க."

மச்சான் வாஷ்பேசினுக்கு ஓடினார். கடையில் ஒரு கூச்சல் எழுந்து அடங்கச் சிறிது நேரமாயிற்று. பேக்கரிக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். மகள் துணியை அவிழ்க்க வந்தவள், முடிச்சைக் கண்டுபிடிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

தபால்காரர் மட்டும் கை தட்டவில்லை. நுரையைத் துண்டால் துடைத்து, துண்டை மடித்து வைத்துவிட்டு, "நான் ஒத்துக்க மாட்டேன் மாஸ்டர்" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"நூறு மீட்டர்ல உங்க ஆள் என் ஆள்கிட்டத் தோப்பார். குண்டுல குண்டுக்காரர்கிட்டத் தோப்பார். பத்துலயும் தோக்கற ஆள் எப்படிய்யா பெரிய ஆள்? ஆறுதலுக்கெல்லாம் என்னால சரின்னு சொல்ல முடியாது. தப்பு தப்புதான்."

பெஞ்சில் யாரோ, "இன்னிக்காவது விடுங்களேன்" என்று முணுமுணுத்தார்கள். ஆனால் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பதினான்கு மாதத்தில் அவரிடம் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. நல்லா இருக்கீங்க, தேறிட்டீங்க, சரி சரி, ஆமா ஆமா. அவ்வளவுதான். அவர் நாற்காலியில் நிமிர்ந்து, தபால்காரரைக் கண்ணாடியில் நேராகப் பார்த்து, பழைய குரலில், "போய்யா" என்றார். தபால்காரருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

ஓட்டு நடந்தது. தபால்காரர் தன் சீப்பை ஓட்டக்காரர் பாட்டிலுக்கு முன்னால் டக்கென்று வைத்தார். பழைய வாடிக்கையாளர்கள் மூவரும் அவர் பின்னாலேயே போனார்கள். மச்சான் டென்னிஸ். அடுத்து மனைவி எழுந்தார். டென்னிஸ் பாட்டிலுக்கு முன்னால் சீப்பை வைத்தார்.

"அம்மா," என்றாள் மகள்.

"என்ன அம்மா? அந்த டென்னிஸ்காரிங்கள்ல சில பேர் பிள்ளை பெத்துட்டு வந்து மறுபடி ஆடினாங்க. உங்கப்பாவோட ஆள் பத்துப் போட்டிக்கு நடுவுல ஒண்ணாவது பெத்தாரா? பேசினார், நல்லா பேசினார். அதுக்காக என் ஓட்டை ஏன் தரணும்?"

லிஃப்ட் மெக்கானிக் டெக்கத்லானுக்கு வைத்தார். பதினெட்டு வருஷம் நீச்சலுக்கு வைத்த உடற்பயிற்சி ஆசிரியர், அந்தப் பாட்டில் முன்னால் போய் ஒரு நிமிஷம் நின்று, திரும்பி வந்து டெக்கத்லானுக்கு வைத்தார். பேக்கரிக்காரர், பிறகு மகள். நாலுக்கு நாலு. மிச்சம் ஒரு சீப்பு.

மாஸ்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிக்கு நடந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவர் எங்கே வைப்பார் என்று தெரியாத மாதிரி கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். டெக்கத்லான் பாட்டில் முன்னால் வைத்தார். கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கி வைத்தார். ஐந்து, நாலு, இரண்டு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டில் மேல் தட்டுக்கு ஏறியது.

அதோடு விடவில்லை. நோட்டை எடுத்துப் போன வருஷப் பக்கத்தைத் திறந்து, ஓட்டக்காரர் வரிசையில் தன் பெயர் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது, தப்பு."

"அட, அப்போ நீங்க ஆமான்னீங்களே," என்றார் தபால்காரர்.

"இல்லன்னேன்," என்றார் மாஸ்டர். "வாய், ஆமான்னுச்சு."

தபால்காரர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். "போன வருஷம் நான் அழுதது வேஸ்டா அப்போ," என்றார். பிறகு கணக்குப் பார்த்து, "இதைக் கழிச்சாலும் போன வருஷம் ஜெயிச்சது என் ஆள்தான். மாத்தி என்ன ஆகப் போகுது?" என்றார்.

மாஸ்டர் விரலை எடுக்கவில்லை. தபால்காரர் பேனாவைத் திறந்து, அந்தப் பெயரை அடித்து, டெக்கத்லான் என்ற வரிசையில் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். கூட்டம் கலைந்தபோது மச்சான் யாரிடமும் சொல்லாமல் பையிலிருந்த பேட்ஜை வெட்டிய முடியோடு குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாஸ்டர் கடை ஷட்டரை இடது கையால் பாதி தூக்கியிருந்தார். மீதியைத் தூக்கியது மச்சான். தன் கடையைக்கூடத் திறக்காமல் வந்திருந்தார். தூங்காத கண்.

"மாப்பிள்ளை, யோசிச்சுப் பாத்தேன். நேத்து சோப்பு வாயில இருந்ததால கேக்க முடியல. உன் குண்டும் ஈட்டியும் எறிஞ்சா விழுந்த இடத்துலயே கிடக்கும். டென்னிஸ்ல பந்து திரும்பி வரும். எதிராளி திருப்பி அடிப்பான். உன் ஆளை யாருய்யா திருப்பி அடிக்கிறா? சொல்லு பாக்கலாம்."

"அது வந்து," என்றார் மாஸ்டர்.

மச்சான் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மாஸ்டர் உள்ளே போய் விளக்கைப் போட்டார், கத்தரிக்கோலை எடுத்தார். டிக், டிக். தெருவில் மருந்துக்கடை வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்று, மூடிய கதவைப் பார்த்தார். பின்னால் இன்னொருவர் வந்தார். மச்சான் அதைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

"காத்து," என்றார் மாஸ்டர் கடைசியில். "ஈட்டியை, காத்து, திருப்பி அடிக்கும். அப்புறம்," என்று சொல்லி அடுத்த சொல்லைத் தேடத் தொடங்கினார்.

"மெதுவா சொல்லு," என்றார் மச்சான். அன்று மருந்துக்கடை இருபது நிமிஷம் தாமதமாகத் திறந்தது.